ட்ராங்குவே கதையைத் தமிழில் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், மொழிபெயர்க்கப் பழகும் நான்கு பேர் ஓர் அல்பேனிய நாட்டுப்புறக் கதையைத் தமிழாக்கி என்னிடம் கொடுத்தார்கள். புயலோடு மல்லுக்கு நிற்கும் வீரன் ட்ராங்குவேயின் கதை. தொடக்க காலத்தில் நான் செய்த தவறுகள் அந்தப் பிரதிகளிலும் அப்படியே இருந்தன. எழுத்துப்பிழை, ஊர்ப் பெயர்க் குழப்பம் போன்றவை அடுத்த வாசிப்பில் தானாகச் சரியாகிவிடும். கதையையே கவிழ்த்துவிடும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

முதலில் கதையின் அடிப்படை. இடி மின்னலோடு மழை பிடித்தால், மேலே ட்ராங்குவேயும் குல்ஷெட்ராவும் மோதிக்கொள்கிறார்கள் என்பது அல்பேனியர்களின் பழைய நம்பிக்கை. குல்ஷெட்ரா பல தலை கொண்ட, நெருப்புக் கக்கும் பெண் பாம்பு. தண்ணீரைத் தடுத்து வறட்சியைக் கொண்டுவருவாள், புயலையும் வெள்ளத்தையும் ஏவுவாள், நரபலி கேட்பாள். ட்ராங்குவே மனிதத் தாய் வயிற்றில் பிறந்த பிள்ளை. அவன் அக்குளுக்குள் சிறகுகள் மறைந்திருக்கும்.

ட்ராங்குவேயை டிராகன் ஆக்குவது

இந்தத் தவறைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். ட்ராங்குவே என்ற சொல், பெரும்பாம்பைக் குறிக்கும் லத்தீன் 'டிராக்கோ'விலிருந்து வந்தது. டிராகனுக்கும் அதுவே மூலம். அகராதியைப் புரட்டிய கையோடு 'டிராகன்' என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் அல்பேனிய மொழியில் அந்தச் சொல் தடம் மாறி, பாம்பை எதிர்த்து நிற்பவனின் பெயராகிவிட்டது. பாம்பின் பெயர் குல்ஷெட்ரா. அதுவும் நீர்ப்பாம்பைக் குறித்த பழைய லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். இரண்டு பெயருக்கும் அடியில் பாம்பு இருக்கிறது. கதையிலோ ஒருவர் மட்டும்தான் பாம்பு.

நான் முதன்முதலில் இந்தக் கதையைச் சிறுவர் நூலுக்காக மொழிபெயர்த்தபோது, 'டிராகன் குழந்தை' என்று எழுதினேன். ஓவியருக்குப் போனது என் வரிதான். அவர் தொட்டிலுக்குள் பச்சைச் செதிலும் கூரிய வாலுமாக ஒரு குட்டியைப் போட்டார். எதிரே ஏழு தலைப் பாம்பு. படம் அழகாக இருந்ததால் யாரும் கேள்வி கேட்கவில்லை. ஆயிரம் பிரதி அச்சாகிவிட்டது. ஒரு பள்ளியில் வாசித்துக் காட்டும்போது மூன்றாம் வகுப்புப் பெண் எழுந்து, "பாம்பை எதுக்கு இன்னொரு பாம்பு கொல்லுது?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அந்தப் படத்தில் ஊரைக் காப்பாற்ற மனிதர் யாருமே இல்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையே காவலனாக இருக்கலாம் என்பதுதான் இந்த நம்பிக்கையின் உயிர். அதை ஒரே சொல்லால் நான் எடுத்துவிட்டேன். மீதிப் பிரதிகளை விற்காமல் நிறுத்தி, படங்களை மாற்றி மறுபடி அச்சடித்தோம். அந்தச் செலவில் இன்னொரு புத்தகமே போட்டிருக்கலாம்.

ஆகவே ட்ராங்குவே என்றே எழுதுங்கள். விளக்கம் வேண்டுமானால் 'சிறகு வீரன்' என்று ஒருமுறை சொன்னால் போதும்.

கொடி சுற்றிப் பிறந்தவன் அல்ல

நான்கு பிரதிகளில் இரண்டில் 'கொடி சுற்றிப் பிறந்தான்' என்று இருந்தது. ட்ராங்குவே பிறக்கும்போது அவனை மூடியிருப்பது பனிக்குடத்தின் மெல்லிய சவ்வு. அல்பேனியர்கள் அதைச் 'சட்டை' என்றே சொல்வார்கள். தொப்புள்கொடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நம் ஊரில் கொடி சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்பார்கள். அந்தச் சொல் வந்ததுமே வாசகர் மனதில் கெட்ட சகுனம் ஒட்டிக்கொள்ளும். இங்கே நடப்பதோ நேர் எதிர்: அந்தச் சட்டை ஊரைக் காக்கப் பிறந்தவனின் அடையாளம். 'சட்டையோடு பிறந்தான்' என்றாலே தமிழில் அழகாக நிற்கிறது.

தூளி

கைக்குழந்தை ட்ராங்குவேயும் சண்டைக்குப் போவான், தொட்டிலோடு. குல்ஷெட்ரா தன் நச்சுப் பாலையும் சிறுநீரையும் பீய்ச்சும்போது தொட்டில்தான் அவனுக்குக் கேடயம். அல்பேனியத் தொட்டில் கெட்டியான மரப்பெட்டி போன்றது. அடியில் வளைந்த கட்டைகள் இருப்பதால் தரையில் ஆடும். குழந்தையைத் துணிப்பட்டையால் அதில் வரிந்து கட்டுவார்கள். இதைத் 'தூளி' என்று எழுதினால் புடவைத் துணியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளைதான் கண்ணில் தெரிவான். அப்புறம், குழந்தைகளுக்கான கதை என்று சொல்லி அந்தப் பாலையும் சிறுநீரையும் வெட்டாதீர்கள். குழந்தைகள் அந்த இடத்தில்தான் கண்ணை விரித்துக் கேட்கிறார்கள்.

ஒருவன் என்று நினைப்பது

ட்ராங்குவே ஓர் ஆளின் பெயரல்ல, ஓர் இனத்தின் பெயர். கிடாயும் சேவலும்கூட ட்ராங்குவே ஆகலாம்.

இந்திரன் என்று சுருக்குவது

தண்ணீரைத் தடுத்த விருத்திரனை இந்திரன் கொன்ற கதையோடு ஒப்பிடலாம், ஆனால் இவனுக்குத் தேவலோகம் இல்லை, குடிசை இருக்கிறது.

கையில் வாளை மட்டும் கொடுப்பது

மின்னல் வாளும் விண்கல்லும் அவனிடம் உண்டு, சரி. ஆனால் அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிடுகிறார்கள். அவன் அவசரத்தில் கைக்கு அகப்பட்டதை எடுக்கிறவன்: கலப்பை, நுகத்தடி, வைக்கோல் வாரும் கவைக்கோல், வீட்டு உத்தரம். புயல் வந்தால் முதலில் அடிபடுவது உழவன். அவன் வீட்டுச் சாமானே ஆயுதமாகிறது. மத்திய அல்பேனியாவில் ஷ்கும்பின் ஆற்றங்கரையில் சொல்லும் கதையில் வாளே கிடையாது. ட்ராங்குவேக்கள் மரங்களையும் பாறைகளையும் குல்ஷெட்ராவின் மேல் எறிந்து எறிந்து, கடைசியில் அவளை அந்த ஆற்றிலேயே மூழ்கடிக்கிறார்கள்.