காபி மெஷினில் உப்புப் படிவு: வீட்டிலேயே எடுப்பது எப்படி?

"அண்ணா, மெஷின் சத்தம் மட்டும் பெருசா வருது, காபி சொட்டுச் சொட்டா விழுது. மோட்டார் போயிடுச்சா?"

2024 கோடையில், பெங்களூரில் பாதி போர்வெல்கள் வற்றிக் கிடந்தபோது மேல் வீட்டுப் பெண் கேட்டாள். நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "இப்ப என்ன தண்ணிம்மா ஊத்துறே?" ஒரு மாதமாக டேங்கர் தண்ணீராம். மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை, உள்ளே உப்பு அடைத்திருந்தது.

போர் தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும். சூடு பட்டதும் அது கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து பாய்லரிலும் மெல்லிய குழாய்களிலும் ஒட்டிக்கொள்ளும். கீசர் காயிலைக் கழற்றும்போது பார்ப்போமே, அதே வெள்ளை ஓடு. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும், வேறு வழியில்லை என்றால் 600 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆக, குடிக்கத் தகுந்த தண்ணீரே மெஷினை அடைக்கலாம்.

தேவையானது சிட்ரிக் ஆசிட். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் தருவார்கள். வினிகரும் படிவைக் கரைக்கும்தான், ஆனால் அதன் வாடை லேசில் போகாது. காபி வாசனைக்காக மெஷின் வாங்கியவர்களுக்கு அதை நான் சொல்லவே மாட்டேன்.

தொடங்கும் முன் மெஷினின் கையேட்டைப் பாருங்கள். பாய்லர் அலுமினியம் என்றால் ஆசிட் அதை அரிக்கும். அந்தக் கம்பெனி சொல்லும் திரவத்தையே வாங்குங்கள். படிவு எடுக்கும் பட்டன் தனியாக இருந்தால் அதன் வழியே போங்கள்.

முதலில் தண்ணீர்த் தொட்டியில் ஃபில்டர் இருந்தால் கழற்றி வையுங்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 20 கிராம், அதாவது சுமார் ஒன்றரை மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட்டை முழுக்கக் கரைத்துத் தொட்டியில் ஊற்றுங்கள். தூள் கொஞ்சம்கூட அடியில் தங்கக் கூடாது.

காபித்தூள் போடாமல், கீழே ஒரு பாத்திரம் வைத்து, கால் பங்கை ஓடவிடுங்கள். நீராவிக் குழாய் வழியாகவும் கொஞ்சம் விடுங்கள். பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு 20 நிமிடம் காத்திருங்கள். வேலை நடப்பது இந்த 20 நிமிடத்தில்தான். அவசரப்பட்டு ஆசிட்டைக் கூட்டிச் சூடாகவே வைத்தால், கால்சியம் சிட்ரேட் என்ற புதுப் படிவு உண்டாகும். சூடு ஏற ஏற அது கரைவது குறையும், அடைப்பை எடுக்கப் போய் அடைப்பை வளர்த்ததாகிவிடும்.

மறுபடி கால் பங்கு ஓட்டம், மறுபடி காத்திருப்பு. கடைசியில் மிச்சம் முழுவதையும் ஓட்டிவிடுங்கள். மேல் வீட்டு மெஷினில் இரண்டாவது முறை மாவு போல வெள்ளைத் துகள் வந்தது; அப்படி வந்தால் பயப்பட வேண்டாம், படிவுதான் பெயர்ந்து வருகிறது.

இனி அலசல். தொட்டியைக் கழுவி, நல்ல தண்ணீரில் இரண்டு முறை முழுத் தொட்டி ஓட்டுங்கள். ஆறிய பிறகு ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். புளித்தால் இன்னொரு தொட்டி. இதே நேரத்தில் பிளீச்சிங் பவுடரையோ பாத்ரூம் கிளீனரையோ பக்கத்தில்கூடக் கொண்டு வராதீர்கள். பிளீச்சோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

காபி எண்ணெய்ப் பிசுக்கு இதில் போகாது, அதற்குத் தனிச் சுத்தம் வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை? தேதி பார்க்காதீர்கள், சம்ப்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில், என்ன தண்ணீர் விழுகிறது என்று பாருங்கள். முழுக்கக் காவிரிக் குழாய்த் தண்ணீர் என்றால் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒரு முறை செய்கிறேன். போரோ டேங்கரோ கலந்தால் மாதம் ஒரு முறை. ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றினால் படிவு வெகு குறைவு, ஆனால் தண்ணீரிலுள்ள உப்பை வைத்தே அளவறியும் சில மெஷின்கள் தொட்டி காலி என்று நின்றுவிடும். அப்போது கொஞ்சம் காவிரித் தண்ணீரைக் கலந்து ஊற்றுங்கள்.