கிணற்று மோட்டாரின் உறிஞ்சு குழாயைக் காப்பது எப்படி? குப்பை அடைக்காமல், தண்ணீர் கெடாமல் இருக்க

கிணற்று மேட்டில் ஒரு மோனோபிளாக் மோட்டார் (மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்தது), தண்ணீரை உறிஞ்சக் கிணற்றுக்குள் இறங்கும் சக்‌ஷன் பைப், அதன் அடி நுனியில் தண்ணீரை மேலே மட்டும் விட்டு, திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வு. நம் தோட்டங்களில் சாதாரணமாகக் காணும் அமைப்பு இது. புதிதாகத் தோட்டம் பார்க்க வந்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

அடைப்பு ஒரு பிரச்சினை, தண்ணீர் கெடுவது வேறு பிரச்சினை என்று பலர் நினைக்கிறார்கள். ஃபுட் வால்வுக்குள் இருக்கும் சின்னக் கதவில் ஒரு வேப்பங்குச்சி சிக்கினால் கதவு முழுதாக மூடாது. மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் நின்ற தண்ணீரெல்லாம் கிணற்றுக்கு இறங்கிவிடும். மறுநாள் காலையில் குழாயில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித்தான் மோட்டாரை ஓட வைக்க வேண்டும். அது வெறும் அலுப்பு. ஆனால் சொட்டுநீரில் உரம் விடுகிற தோட்டமாக இருந்தால், அதே குச்சி யூரியா கரைசலும் கிணற்றுக்குள் இறங்க வழி விட்டுவிடுகிறது. அதனால் இரண்டையும் ஒன்றாகவே பார்ப்போம்.

வேலை தொடங்கும் முன் ஒரு விஷயம். எந்தக் காரணத்துக்காகவும் தனியாகக் கிணற்றுக்குள் இறங்காதீர்கள். பயன்படுத்தாமல் கிடந்த கிணற்றிலும் சேறு நிறைந்த கிணற்றிலும் விஷவாயு தேங்கியிருக்கலாம், மூச்சுக்குக் காற்று போதாமல் இருக்கலாம். முதலில் இறங்கியவர் மயங்க, அவரைத் தூக்கப் போனவரும் இறந்துபோன செய்திகளை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! விளக்கை இறக்கிப் பார்ப்பதை நம்ப முடியாது. சில வாயுக்கள் விளக்கை அணைக்காமலே ஆளைக் கொல்லும். கீழே சொல்லும் எல்லா வேலைகளையும் மேலே நின்றபடி, குழாயைக் கயிறு கட்டித் தூக்கிச் செய்யலாம். மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸையும் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

படி 1: கிணற்று மேட்டைச் சரிசெய்யுங்கள்

குழாயைத் தொடும் முன் கிணற்றைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடி வருகிறது? சாணக்குழி எங்கே? கழிவறைக் குழி எவ்வளவு தூரம்? குடிக்கப் பயன்படும் கிணற்றுக்கும் இவற்றுக்கும் குறைந்தது 15 மீட்டர் இடைவெளி வேண்டும். குழிகள் கிணற்றைவிடத் தாழ்வான பக்கம் இருப்பது நல்லது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்று ஒரு சிறு ஊர். 2000 மே மாதம் பெய்த கனமழையில், பக்கத்து நிலத்தில் போட்டிருந்த மாட்டு எருவிலிருந்த கிருமிகள் ஊருக்குத் தண்ணீர் கொடுத்த ஆழமில்லாத கிணறு ஒன்றில் இறங்கின. குளோரின் கலக்கும் வேலையும் ஒழுங்காக நடக்கவில்லை. 2,000க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள், 7 பேர் இறந்தார்கள். எரு போட்டவர் முறை தவறிப் போடவில்லை. கிணறு இருந்த இடமும் அதன் ஆழமும்தான் வினையாயின.

நம் கிணற்றுக்குச் செய்ய வேண்டியது இதுதான்: இரண்டரை அடி உயரத்துக்குக் கைப்பிடிச் சுவர், அதைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாகச் சிமெண்ட் தளம், விழும் தண்ணீரைத் தள்ளிக் கொண்டுபோக ஒரு வாய்க்கால். வாய் அகலமான கிணறு என்றால் மேலே நைலான் வலை கட்டுங்கள். பக்கத்தில் புளியோ வேம்போ இருந்தால் வலை இல்லாமல் ஒரு பருவமும் தாங்காது. டீசல் இன்ஜின் வைத்திருப்பவர்கள் அதைத் தளத்துக்கு வெளியே நகர்த்தி, அடியில் ஒரு தட்டு வையுங்கள். சிந்திய ஆயிலைக் கிணற்றிலிருந்து எடுப்பது பெரும்பாடு.

படி 2: ஃபுட் வால்வைத் தூக்கிப் பாருங்கள்

குழாயை மேலே எடுத்ததும் ஃபுட் வால்வைக் கழற்றி, உள்ளே இருக்கும் கதவை விரலால் தள்ளிப் பாருங்கள். தடையில்லாமல் திறந்து தானாகவே மூட வேண்டும். அதன் ரப்பரோ தோலோ வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை. பிறகு வால்வை நிமிர்த்திப் பிடித்து மேற்புறம் தண்ணீர் ஊற்றிச் சிறிது நேரம் வையுங்கள். கசிந்தால் கதவு உட்காரும் இடத்தில் மணலோ பாசியோ இருக்கிறது. பழைய பல் துலக்கியால் தேய்த்தாலே போதும்.

படி 3: கொசுவலை சுற்றாதீர்கள், கூண்டு செய்யுங்கள்

குப்பை வருகிறது என்றதும் எல்லோரும் முதலில் செய்வது, ஃபுட் வால்வின் மேலேயே கொசுவலையை இறுக்கிச் சுற்றிக் கட்டுவது. இரண்டு மூன்று நாள் நன்றாக இருக்கும். அப்புறம் பாசி படிந்து மோட்டார் மூச்சுத் திணறும்.

காரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டரை அங்குலக் குழாயின் வாய்ப்பரப்பு சுமார் 31 சதுர சென்டிமீட்டர். மோட்டார் வினாடிக்கு 6 லிட்டர் எடுத்தால் தண்ணீர் அந்த வாயில் வினாடிக்குக் கிட்டத்தட்ட 2 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. அந்த வேகத்தில் இலை, தவளைக்குஞ்சு, பாசி எது வந்தாலும் வலையில் போய் அப்பிக்கொள்ளும். அதே தண்ணீரைப் பத்து மடங்கு பரப்பின் வழியாக வரவிட்டால் வேகம் வினாடிக்கு 20 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கிவிடும். மெதுவாக வரும் தண்ணீர் குப்பையை அவ்வளவாக இழுத்து வராது. ஒட்டிய குப்பையும் மோட்டாரை நிறுத்தினால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

இதற்கான கூண்டாக ஒரு 50 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் போதும். பக்கங்களில் 10 மில்லிமீட்டர் துளைகள் 400 போட்டால் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 310 சதுர சென்டிமீட்டர் வரும், அதாவது குழாய் வாயைப்போலப் பத்து மடங்கு. அடிப்பக்கம் துளை வேண்டாம், சேறு அந்த வழியாகத்தான் ஏறும். வெளியே இரண்டு மூன்று மில்லிமீட்டர் கண்ணுள்ள பிளாஸ்டிக் வலையைத் தளர்வாகச் சுற்றுங்கள். ஃபுட் வால்வு டிரம்மின் நடுவில் தொங்க வேண்டும், சுவரில் ஒட்டக் கூடாது. டிரம் மிதக்காமலிருக்க அடியில் கல் கட்டுங்கள். பூச்சிமருந்து வந்த டிரம்மை மட்டும் எந்தக் காலத்திலும் எடுக்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் அது கிணற்றுக்கு ஆகாது.

படி 4: எந்த ஆழத்தில் தொங்கவிடுவது?

அடிச் சேற்றிலிருந்து இரண்டடி மேலே, நீர்மட்டத்திலிருந்து இரண்டடிக்காவது கீழே. சேற்றுக்கு அருகில் வைத்தால் வண்டலை இழுக்கும். மட்டத்துக்கு அருகில் வைத்தால் நீர் சுழித்துக் காற்றை உள்ளே இழுக்கும், மிதக்கும் பாசியும் கூடவே வரும். கோடையில் மட்டம் இறங்க இறங்கக் குழாயை நீட்ட வேண்டியிருக்கும். அப்போது ஒன்றை மறக்க வேண்டாம்: மேலே இருக்கும் மோட்டார் நடைமுறையில் 6 முதல் 7 மீட்டர் ஆழத்திலிருந்துதான் உறிஞ்சும். காற்றழுத்தம்தான் தண்ணீரைத் தள்ளி ஏற்றுகிறது, அதன் உச்ச எல்லையே 10.3 மீட்டர். கூண்டு பாதி அடைத்திருந்தால் இந்த 6 மீட்டரும் கிடைக்காது. மட்டம் அதற்கும் கீழே போனால் நீர்மூழ்கி மோட்டார்தான் வழி.

படி 5: உரம் கிணற்றுக்குத் திரும்பாமல் தடுங்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். வென்சுரி (ஓடும் தண்ணீரின் வேகத்தால் உரக் கரைசலை உறிஞ்சிக் கலக்கும் குறுகிய குழாய்) வழியாக உரம் விடும்போது திடீரென்று கரண்ட் போகிறது என்று வையுங்கள். மோட்டாரிலிருந்து தோட்டத்துக்குப் போகும் டெலிவரி குழாயில் இருக்கும் தண்ணீர் கிணற்றை நோக்கித் திரும்பி இறங்கும், உரத் தொட்டியில் கிடக்கும் குழாய் வழியே கரைசலையும் இழுத்துக்கொண்டு போகும். ஃபுட் வால்வு கசிந்தால் தடுக்க வேறு எதுவும் இல்லை. உரத்திலிருந்து வரும் நைட்ரேட் குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. மீறினால் முதலில் பாதிக்கப்படுவது கைக்குழந்தைகள்.

மோட்டாருக்கும் வென்சுரிக்கும் நடுவில், டெலிவரி குழாயில் தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்றைப் பொருத்துங்கள். அம்புக்குறி தோட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். அதற்கும் வென்சுரிக்கும் இடையே ஒரு ஏர் வால்வு இருந்தால், அது காற்றை உள்ளே விட்டு, கிணற்றை நோக்கிய உறிஞ்சலை முறித்துவிடும். உரக் குழாயிலும் ஒரு சிறிய நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். உரம் விட்டு முடித்ததும் உரக் குழாயை முதலில் மூடி, கால் மணி நேரம் வெறும் தண்ணீர் ஓடவிட்டு, பிறகு மோட்டாரை நிறுத்துங்கள்.

படி 6: ஃபில்டர்

பாசி வந்தால் மணல் ஃபில்டர், மணல் வந்தால் தண்ணீரைச் சுழற்றி மணலைப் பிரிக்கும் ஹைட்ரோசைக்ளோன், அதற்குப் பின் டிஸ்க் அல்லது ஸ்கிரீன் ஃபில்டர். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் பிரஷர் கேஜ் வைத்து, அழுத்த வித்தியாசம் சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோவைத் தொட்டால் கழுவுங்கள். முந்தைய படிகளைச் செய்யாமல் பெரிய ஃபில்டர் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. தினமும் கழுவ ஒரு ஆள் வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

படி 7: அதே கிணற்றைக் குடிக்கவும் பயன்படுத்தினால்

1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது பொதுவான அளவு. கிணற்றின் விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, தண்ணீரின் ஆழத்தாலும் 0.785ஆலும் பெருக்கினால் கனமீட்டர் கிடைக்கும். 4 மீட்டர் விட்டம், 3 மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 37,700 லிட்டர். இதற்கு 94 கிராம் பவுடர். அதை வாளியில் குழைத்துத் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் வேறு வாளிக்கு மாற்றுங்கள். அடியில் நிற்கும் சுண்ணாம்பு கிணற்றுக்குள் போகக் கூடாது. அந்த வாளியை நீருக்குள் இறக்கி மேலும் கீழும் அசைத்துக் கலக்கி, ஒரு மணி நேரமாவது விட்ட பிறகே தண்ணீர் எடுங்கள். கலங்கல் தண்ணீரில் குளோரின் வீணாகும், தெளிந்த பின் போடுங்கள். வெள்ளம் உள்ளே புகுந்திருந்தால் இறைத்து வெளியேற்றிய பிறகு குளோரின் போட்டு, மாதிரியைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பரிசோதியுங்கள்.

இனி வழக்கமான கவனிப்பு. கூண்டை மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை, மற்ற நாட்களில் மாதம் ஒருமுறை தூக்கிக் கழுவுங்கள். மோட்டாருக்குள் சரளைக்கல் உருளுவதுபோலச் சத்தம் கேட்டாலோ, டெலிவரியில் தண்ணீர் விட்டு விட்டு வந்தாலோ உடனே நிறுத்திவிட்டுக் கூண்டைத்தான் முதலில் பாருங்கள். கூண்டு சுத்தமாக இருந்தால், சக்‌ஷன் பைப்பின் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவி மோட்டாரை ஓட்டுங்கள். நுரை உள்ளே இழுபடும் இடத்தில்தான் காற்று நுழைகிறது.