நிற்கும் மனிதர் செப்புக் காசு: சோழருடையதா, இலங்கையுடையதா?

ஒரு பக்கம் நிற்கும் மனிதர், மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் மனிதர். அகலம் சுமார் 20 மில்லிமீட்டர், எடை நான்கு கிராம் அளவில். இப்படி ஒரு செப்புக் காசைக் கண்டாலே 'ராஜராஜன் காசு' என்று சீட்டு எழுதி ஒட்டிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழர் படை இலங்கையின் வடபகுதியைப் பிடித்த பிறகு இந்தக் காசு அங்கும் புழங்கியது. பின்னாளில் இலங்கையின் பொலன்னறுவையில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) முதலானோர் உருவங்களை அப்படியே வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். ஆகவே பெயரைப் படித்தே தீர வேண்டும்.

1. மண்ணை நீக்குங்கள். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் தள்ளினால் போதும். புளி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ் பக்கமே போகாதீர்கள். பச்சைக் களிம்பைச் சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும்.

2. வெளிச்சத்தைச் சாய்வாக விழவிடுங்கள். மாலை நேரத்து ஜன்னலோரம் உத்தமம். கைப்பேசிச் செயலிகளை நான் நம்புவதில்லை. நகை ஆசாரிகள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள்.

3. காசை நேராகப் பிடியுங்கள். பலரும் திணறுவது இங்கேதான், நானும் நெடுநேரம் நின்றது இங்கேதான். நிற்கும் மனிதரின் பக்கத்தில் எழுத்தைத் தேடிப் பயனில்லை. திருப்பி, உட்கார்ந்திருப்பவரின் தலை மேலே வருமாறு வையுங்கள். உருவம் இடப்புறம் ஒதுங்கியிருக்கும். அவர் உயர்த்திய இடக்கையின் கீழே, உங்களுக்கு வலப்புறமாக, எழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும். சோழர் காசாயிற்றே என்று தமிழ் எழுத்தைத் தேடாதீர்கள். இது நாகரி, இன்று இந்தி எழுதும் எழுத்தின் பழைய வடிவம்.

4. மேலே 'ஸ்ரீ'. அதற்குக் கீழே ரா, ஜ, ரா, ஜ என்று ஒரே ஜோடி இரண்டு முறை வந்தால் ராஜராஜன். நாகரி தெரியாவிட்டாலும் கவலையில்லை, ஒரே வடிவம் திரும்ப வருகிறதா என்று மட்டும் பாருங்கள். திரும்பாமல் நீண்டுகொண்டே போய் 'பாஹு' என்று முடிந்தால் அது இலங்கைக் காசு.

மறுபக்கத்தில் மனிதருக்குப் பதிலாகப் படுத்திருக்கும் நந்தியும் கீழே தமிழில் 'சேது' என்ற சொல்லும் இருந்தால் இவ்வளவு சிரமமே இல்லை: யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்டது.

பின்சேர்க்கை: ஒரு வாசகர் அனுப்பிய படத்தில் எழுத்துகள் தலைகீழாகவும் இல்லை, புரியவும் இல்லை. முன்பக்கக் கேமராவில் எடுத்ததால் இடவலம் மாறியிருந்தது. பின்பக்கக் கேமராவையே பயன்படுத்துங்கள்.

இன்னொருவர் கேட்டது நல்ல கேள்வி: கீழ்ப்பாதி தேய்ந்து 'ஸ்ரீ ராஜ' மட்டும் மிஞ்சினால்? இலங்கை அரசி லீலாவதியின் காசும் 'ஸ்ரீ ராஜ லீலாவதி' என்றே தொடங்குகிறது. அந்த நிலையில் பெயரிடாமல் விட்டுவிடுங்கள். விற்பவர் என்ன சத்தியம் செய்தாலும் ராஜராஜன் விலை கொடுக்காதீர்கள்.

தோட்டத்தில் தோண்டும்போது கிடைத்ததா? இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு லென்ஸை எடுக்கலாம்.