60,000 ரூபாயில் கேமிங் கணினி: பாகங்களைத் திரையிலிருந்து பின்னோக்கித் தேர்ந்தெடுக்கும் முறை

கணினிக் கடைக்குள் நுழைந்ததும் நம்மிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, பெரும்பாலும் ‘ஐ5 போடலாமா, ஐ7 போடலாமா?’ என்பதாகவே இருக்கும். அலுவலக வேலைக்கு வாங்குகிறவருக்கு அது பொருத்தமான கேள்விதான். விளையாடுவதற்காக வாங்குகிறவர் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால், ப்ராசஸருக்கும் கண்ணாடிக் கதவு வைத்த கேபினட்டுக்கும் பணம் கரைந்துபோய், கிராபிக்ஸ் கார்டுக்கு மிச்சம்மீதிதான் கிடைக்கும். எனவே இந்த விளக்கத்தில் நாம் எதிர்த்திசையில் செல்வோம்: எந்தத் திரையில் விளையாடப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்து, அந்தத் திரைக்குப் போதுமான கிராபிக்ஸ் கார்டு, அந்தக் கார்டுக்கு ஈடுகொடுக்கும் ப்ராசஸர், அதன்பின் மற்றவை என்று பின்னோக்கி வருவோம். எடுத்துக்காட்டுக்காக, மானிட்டரையும் சேர்த்து மொத்தம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: திரையை முடிவு செய்யுங்கள்

1080பி எனப்படும் 1920 × 1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. 1440பி திரையில் அது 36.9 லட்சம், 4கே திரையில் 82.9 லட்சம். கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொரு விநாடியும் பலமுறை இத்தனை புள்ளிகளுக்கும் நிறம் கணக்கிட்டாக வேண்டும் என்பதால், திரை பெரிதாகப் பெரிதாகக் கார்டின் விலையும் ஏறிக்கொண்டே போகும். 60,000 ரூபாய்க்குள் நின்று நிதானமாக விளையாட வேண்டுமானால், 24 அங்குல 1080பி மானிட்டரே சரியான தேர்வு. பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகைத் திரையாகவும், 60 ஹெர்ட்ஸுக்கு (விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிப்பது) பதிலாக 100 அல்லது 144 ஹெர்ட்ஸாகவும் கிடைத்தால் நல்லது. இதற்கு 10,000 ரூபாயை ஒதுக்கிவிடுவோம். வீட்டில் ஏற்கெனவே நல்ல மானிட்டர் இருந்தால் அந்தத் தொகை நேராகக் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும்.

படி 2: மிச்சமுள்ள 50,000 ரூபாயைப் பங்கிடுங்கள்

கணினிப் பாகங்களின் விலை காய்கறி விலையைப் போல ஏறி இறங்குவது. ஆகவே நான் விலைப்பட்டியல் தரவில்லை, பங்கீடு மட்டுமே தருகிறேன். கிராபிக்ஸ் கார்டுக்கு 20,000, ப்ராசஸரும் மதர்போர்டும் சேர்ந்து 15,000, பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸும் கேபினட்டும் சேர்ந்து 6,000, ராமும் எஸ்எஸ்டியும் சேர்ந்து 9,000. இந்தக் கடைசிப் பங்குதான் இப்போது நம்மைச் சோதிக்கிறது. நினைவகச் சிப்புகள் செயற்கை நுண்ணறிவுக்கான சர்வர்களை நோக்கித் திருப்பப்பட்டதால், 2025 இறுதியிலிருந்து ராம் விலை கிடுகிடுவென ஏறியது. நீங்கள் வாங்கும் வாரத்தில் விலை கட்டுக்குள் வராவிட்டால், எஸ்எஸ்டியை 1 டிபியிலிருந்து 500 ஜிபிக்குக் குறையுங்கள், அல்லது கேபினட்டை எளிமையாக்குங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கை வைக்காதீர்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

படி 3: கிராபிக்ஸ் கார்டு

விளையாட்டின் தரத்தை வேறெந்தப் பாகத்தையும்விட அதிகமாகத் தீர்மானிப்பது இதுவே என்பதால், இங்கே அவசரப்படக் கூடாது. 1080பி திரைக்கு, இந்த விலைப்பகுதியில் நான் முதலில் தேடுவது 2021 அக்டோபரில் வெளிவந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபி நினைவகம், 132 வாட் மின்தேவை, ஒரே ஓர் 8 பின் மின்இணைப்பு என்று எல்லாமே சிக்கனமான கார்டு அது. இன்னும் சில ஆயிரங்கள் கூடுதலாகப் போட முடிந்தால் ஆர்எக்ஸ் 7600, அதற்கும் மேலே என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 ஆகியவற்றைப் பார்க்கலாம். ஆர்டிஎக்ஸ் 4060 வெறும் 115 வாட்டில் ஓடக்கூடியது.

பெயரைப் பார்த்து ஏமாறும் இடமும் இதுதான். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி, 6 ஜிபி என இரண்டு கார்டுகள் விற்கப்படுகின்றன. வேறுபாடு நினைவகத்தின் அளவில் மட்டும் இல்லை. 6 ஜிபி கார்டில் கணக்கிடும் கோர்களும் குறைவு, நினைவகப் பாதையும் குறுகலானது, ஆகவே வேகமும் குறைவு. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்ற கார்டு மதர்போர்டுடன் 4 பாதைகளில் மட்டுமே பேசுகிறது. கார்டையும் போர்டையும் இணைக்கும் பிசிஐஇ பாதையின் பழைய தலைமுறையான 3.0 உள்ள போர்டில் அதைச் செருகினால், 4 ஜிபி நினைவகம் நிறைந்தவுடன் வேகம் கண்கூடாகச் சரியும். எனவே கடைக்காரர் ‘8 ஜிபி கார்டு’ என்று மொட்டையாக எழுதித் தரும் கொட்டேஷனை ஏற்காதீர்கள். முழு மாடல் பெயரும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பயன்படுத்திய கார்டு வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற மின்னணு நாணயம் கிராபிக்ஸ் கார்டுகளால் தோண்டி எடுக்கும் முறையைக் கைவிட்டபோது, இரவு பகலாக ஓடிய கார்டுகள் பெருமளவில் பழைய பொருள் சந்தைக்கு வந்து சேர்ந்தன. அவை எல்லாமே கெட்டவை என்று நான் சொல்ல மாட்டேன். இருப்பினும் முதன்முறையாக வாங்குகிறவர் உத்தரவாதம் மிச்சமுள்ள, பில் உள்ள கார்டை மட்டுமே, அதுவும் நேரில் ஓடவிட்டுப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் 2304 கோர்களுக்குப் பதிலாக 2048 கோர்கள் மட்டுமே கொண்ட கார்டும் புழங்குகிறது என்பதால், ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் அந்த எண்ணைச் சரிபார்ப்பது நல்லது.

படி 4: ப்ராசஸரும் மதர்போர்டும்

இவை இரண்டையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க இயலாது. ப்ராசஸர் உட்காரும் சாக்கெட் பொருந்தினால்தான் போர்டு பொருந்தும். இந்தப் பட்ஜெட்டில் இரண்டு நேரான வழிகள் உள்ளன: ஏஎம்4 சாக்கெட்டில் ரைசன் 5 5600, அல்லது எல்ஜிஏ1700 சாக்கெட்டில் இன்டெல் கோர் ஐ5-12400எஃப். இரண்டுமே 2022இல் வெளிவந்தவை, இரண்டுக்கும் 6 கோர், 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைத்தொடர்), இரண்டுமே ஆர்எக்ஸ் 6600 போன்ற கார்டைத் தாராளமாகத் தாங்கும். அன்றைக்கு எது விலை குறைவோ அதை எடுத்துக்கொள்ளலாம். இன்டெல் வழியில் போனால், ராமின் எந்தத் தலைமுறைக்கான போர்டு, டிடிஆர்4க்கா டிடிஆர்5க்கா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்றின் ராம் மற்றொன்றில் செருகாது.

இந்த இரண்டு ப்ராசஸர்களுக்கும் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்பதை மறக்கக் கூடாது. கார்டு இல்லாமல் திரையில் எதுவும் தெரியாது. ‘இப்போது கார்டு வாங்கப் பணமில்லை, ஆறு மாதம் கழித்து வாங்குகிறேன்’ என்பவர்களுக்கு, உள்ளேயே ஓரளவு கிராபிக்ஸ் கொண்ட ரைசன் 5 5600ஜி இருக்கிறது. ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகமான கேஷ், 5600இல் இருப்பதில் பாதிதான், அதாவது 16 எம்பி, பிசிஐஇ 3.0க்கு மேலும் அது போகாது. எனவே கார்டு வந்த பிறகு 5600 அளவுக்கு அது ஓடாது என்பதைத் தெரிந்துகொண்டே அந்த வழியைத் தேர்ந்தெடுங்கள்.

டிடிஆர்5 மட்டுமே ஏற்கும் ஏஎம்5 சாக்கெட் எதிர்காலத்துக்கு நல்லது என்பது உண்மை. ஏஎம்4இல் இனி பெரிய முன்னேற்றம் வரப்போவதில்லை என்பதும் உண்மை. ஆயினும் ராம் விலை ஏறிய காலத்தில், வீட்டிலோ நண்பரிடமோ சும்மா கிடக்கும் டிடிஆர்4 ராமைப் பயன்படுத்திக்கொள்ள முடிவது சிறிய ஆதாயமன்று. ஏஎம்4 வழியில் சென்றால் பி550 போர்டு விரும்பத்தக்கது. பணம் இடித்தால் ஏ520 போதும். பழைய பி450 போர்டு மலிவாகக் கிடைத்தால், கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸ் புதுப்பிக்கப்பட்டதா என்று கேளுங்கள். இல்லையென்றால் 5600ஐச் செருகியும் கணினி எழும்பாமல் போகலாம்.

இணையத்தில் ‘ஐ7 கேமிங் பிசி’ என்று நம்ப முடியாத விலைக்கு விற்கப்படுகிறதே என்று கேட்பீர்கள். தலைமுறை எண்ணைப் பாருங்கள். பெரும்பாலும் அது 2012இல் வந்த ஐ7-3770ஆகவும், அதற்குக் கீழே உள்ள போர்டு எச்61ஆகவும், கார்டு 2014இல் வந்த ஜிடி 730ஆகவும் இருக்கும். விண்டோஸ் 11 அந்த ப்ராசஸரை ஆதரிப்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. ஐ7 என்ற பெயருக்கு மயங்கி, பதினான்கு வயதுக் குதிரையைப் பந்தயத்துக்கு வாங்கிய கதைதான் அது.

படி 5: ராமும் எஸ்எஸ்டியும்

ராம் 16 ஜிபி வேண்டும், அதுவும் ஒரே குச்சியாக இல்லாமல் இரண்டு 8 ஜிபியாக. இரண்டு குச்சிகள் இருந்தால் ப்ராசஸர் இரண்டு வழிகளில் ஒரே நேரத்தில் தரவை எடுக்கும். ஒற்றைக் குச்சியில் பாதி வழி அடைபட்டுக் கிடக்கும். டிடிஆர்4 என்றால் 3200 வேகம், சிஎல்16 (தாமதத்தைக் குறிக்கும் எண்) போதும்.

எஸ்எஸ்டி எம்.2 வடிவத்தில் இருப்பதாலேயே வேகமானது என்று எண்ணிவிட வேண்டாம். அதே வடிவத்தில் சாட்டா வகையும் விற்கிறது. அது விநாடிக்குச் சுமார் 550 எம்பி மட்டுமே படிக்கும், சாதாரண என்விஎம்இ வகையோ 3,000 எம்பியைத் தாண்டும். பெரிய விளையாட்டுகள் சில 100 ஜிபியைத் தாண்டுவதால், முடிந்தால் 1 டிபி.

படி 6: எஸ்எம்பிஎஸ்

என் முதல் கணினியில் கேபினட்டுடன் இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸையே வைத்துக்கொண்டேன். லேபிளில் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. புதிய கார்டைச் செருகிய பிறகு, விளையாட்டு சூடுபிடிக்கும் தருணத்தில் கணினி தானாக அணைந்து எழத் தொடங்கியது. கார்டில்தான் குறை என்று நான் அலைந்துகொண்டிருந்தபோதே, ஒரு மாலை மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் அந்த எஸ்எம்பிஎஸ் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தது.

அந்த லேபிளை எப்படிப் படிப்பது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் 12 வோல்ட் வரியிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. எனவே லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, அதை 12ஆல் பெருக்குங்கள். 45 ஆம்பியர் என்றால் 540 வாட். அது நேர்மையான 550 வாட் எஸ்எம்பிஎஸ். 20 ஆம்பியர்தான் என்றால் 240 வாட். பெட்டியில் 500 என்று எழுதியிருந்தாலும் அது நமக்கு உதவாது. 80 ப்ளஸ் முத்திரை, மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்று மட்டுமே. பாதுகாப்புக்கும் ஆயுளுக்கும் அது உறுதி தராது. உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதையே நான் அதிகம் நம்புகிறேன். ஐந்தாண்டு தருகிறவர் பொதுவாக உள்ளே நல்ல பொருளைப் போட்டிருப்பார்.

நாம் தேர்ந்தெடுத்த கணினி முழுச்சுமையில் 300 வாட்டைத் தாண்டுவது அரிது. ஆகவே நல்ல 550 வாட் தாராளம். யுபிஎஸ் வைப்பதாக இருந்தால், 600 விஏ என்று விற்பது பெரும்பாலும் 360 வாட் மட்டுமே தரும் என்பதையும் மானிட்டரின் தேவையையும் சேர்த்துக் கணக்கிட்டு, 1000 விஏ அளவில் பாருங்கள். செருகப்போகும் பிளக்கில் எர்த் இணைப்பு உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது. கேபினட்டைத் தொடும்போது சுருக்கென்று இழுத்தால், அது அங்கே எர்த் இல்லை என்பதற்கான அறிகுறி.

படி 7: கேபினட்

முகப்பு வலையாக இருக்க வேண்டும், முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என விசிறிகள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கத்திரி வெயிலில் அறையே 38 டிகிரியாக இருக்கும் ஊரில், கண்ணாடி முகப்புக் கேபினட் வண்ண விளக்குகளோடு கூடிய அடுப்பாகிவிடும்.

படி 8: வாங்குதல்

சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் மூன்று கடைகளிலாவது கொட்டேஷன் வாங்கி, இணைய விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சொல்லும் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ‘பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்’ என்ற பேச்சுக்கு இணங்காதீர்கள். பில் இல்லாமல் உத்தரவாதம் கேட்டுப் பெறுவது பெரும்பாடு. ப்ராசஸர் பெட்டியோடு வருகிறதா, பெட்டியில்லாத ட்ரே வகையா என்பதையும் பாருங்கள். ட்ரே வகை மலிவு. ஆனால் உத்தரவாதம் விற்பவரைப் பொறுத்தது, கூலரும் தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

படி 9: முதல்முறை இயக்கும்போது

பாகங்களைப் பொருத்தி முடித்ததும் நான்கு இடங்களில் பணம் வீணாவதைத் தடுக்கலாம். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல், கிராபிக்ஸ் கார்டில் உள்ள துளையில் செருகுங்கள். நான்கு ராம் துளைகள் உள்ள போர்டில், பெரும்பாலும் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதுமான துளைகளே சரியானவை. பிறகு பயாஸுக்குள் சென்று ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கவில்லையென்றால், 3200க்குக் காசு கொடுத்த ராம் 2133 அல்லது 2666இலேயே ஓடிக்கொண்டிருக்கும். கடைசியாக, விண்டோஸில் திரை அமைப்புகளைத் திறந்து புதுப்பிப்பு வேகத்தைப் பாருங்கள். என் நண்பர் ஒருவர் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி, எட்டு மாதங்கள் 60 ஹெர்ட்ஸில் விளையாடிக்கொண்டே, ‘எனக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லையே’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்.