ஜெர்மன் சொற்கள் மனத்தில் நிற்க: ஆன்கியில் கார்டு போடும் முறை

ஜெர்மனின் தொடக்க நிலையான ஏ1 வகுப்பில் சேர்ந்த இரண்டாம் வாரமே சொற்கள் குவிய ஆரம்பித்துவிடும். சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் என்று நாம் சொல்லும் கதே இன்ஸ்டிட்யூட்டின் ஏ1 சொற்பட்டியலில் சுமார் 650 சொற்கள் உள்ளன. இரண்டு நிலை மேலே பி1 வரும்போது அது 2400 அளவுக்குப் போய்விடும். நோட்டில் ஒரு பக்கம் ஜெர்மன், மறுபக்கம் பொருள் என்று எழுதிவைத்து, தேர்வுக்கு முதல் நாள் ஒரே மூச்சில் புரட்டினால் தேர்வு முடியும்வரை தாங்கும். பி1 வகுப்பில் உட்காரும்போது அந்தச் சொற்களில் பாதி கைவசம் இருக்காது.

மறதி எந்த வேகத்தில் நடக்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன்மீதே சோதித்து 1885-இல் எழுதினார். படித்த முதல் சில மணி நேரத்தில் நிறைய உதிர்ந்துவிடுகிறது. இடைவெளி விட்டு மீண்டும் நினைவுபடுத்தினால் உதிர்வது மெதுவாகிறது. எந்தச் சொல்லை எந்த நாளில் கேட்க வேண்டும் என்ற கணக்கை நமக்காகப் போடுவதுதான் ஆன்கி என்ற ஆப்பின் வேலை. அதில் நாம் எழுதும் ஒவ்வொரு கார்டுக்கும் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. ஒரு கார்டை ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னால் அது நாளை, பிறகு மூன்று நாளில், ஒரு வாரத்தில், இரண்டரை வாரத்தில், ஒன்றரை மாதத்தில் என்று ஏறக்குறைய தள்ளித்தள்ளி வரும். மறந்தால் மறுபடி பக்கத்தில் வந்து நிற்கும்.

ஆன்கி கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஆண்ட்ராய்டில் அதன் பெயர் ஆன்கிட்ராய்டு. ஐபோனில் ஒருமுறை பணம் கட்டி வாங்க வேண்டும்; வேண்டாமென்றால் ஆன்கிவெப் தளத்தை பிரவுசரில் திறந்து படிக்கலாம். பெயரில் ஆன்கி ஒட்டிக்கொண்ட வேறு ஆப்களும் ஸ்டோரில் உண்டு, பார்த்து இறக்குங்கள். கார்டு போட கம்ப்யூட்டர், படிக்க போன், இரண்டையும் இணைக்க ஆன்கிவெப் கணக்கு என்று வைத்துக்கொள்வது வசதி.

ஆப் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆறு மாதம் கழித்துப் பேச வருகிறதா என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் எழுதும் கார்டு. அதனால் செட்டிங்ஸுக்கு முன்னால் அதைப் பார்ப்போம். ஜெர்மன் சொற்களை இங்கே தமிழில் எழுதியிருப்பது வாசிக்க மட்டுமே. கார்டில் ஒருபோதும் அப்படி எழுதாதீர்கள். 'ஏற்கெனவே' என்பதற்கும் 'அழகான' என்பதற்கும் உள்ள ஜெர்மன் சொற்கள் உச்சரிப்பில் வேறு வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் 'ஷோன்' ஆகிவிடும். தோட்டமும் சீட்டுக்கட்டும் ஒரே 'கார்ட்டன்' ஆகிவிடும். எழுத்து ஜெர்மனில், உச்சரிப்பு ஒலியில். போன் கீபோர்டில் ஜெர்மன் மொழியைச் சேர்த்துக்கொண்டால் புள்ளி வைத்த உயிரெழுத்துகள் கிடைக்கும். ஜெர்மானியர் பேசிய ஒலி ஃபோர்வோ தளத்தில் சொல்வாரியாக இருக்கிறது. இல்லாத சொல்லுக்கு ஆப்பின் டெக்ஸ்ட் டு ஸ்பீச் போதும்.

பெயர்ச்சொல்

முன்பக்கம் ஒரு மேஜைப் படம், அல்லது 'மேஜை' என்ற சொல். பின்பக்கம் 'டேர் டிஷ், டி டிஷெ', கூடவே ஒலி. ஒருமை, பன்மை, பால்காட்டும் சொல் (ஆண்பாலுக்கு 'டேர்', பெண்பாலுக்கு 'டி', இரண்டும் அல்லாததற்கு 'டஸ்') மூன்றும் ஒரே மூச்சில் வாயில் வர வேண்டும். 'டிஷ்' மட்டும் சரியாகச் சொல்லி 'டேர்' தவறினால் அந்தக் கார்டு தவறுதான். இதில் விட்டுக்கொடுத்தால் பின்னால் வேற்றுமை படிக்கும்போது ஒவ்வொரு வாக்கியமும் சறுக்கும்.

தமிழின் உயர்திணை, அஃறிணைக் கணக்கு இங்கே உதவாது. சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' ஆண்பாலும் அல்ல, பெண்பாலும் அல்ல. 'டஸ்' போட வேண்டும். 'ஸே' என்ற சொல் 'டேர்' போட்டால் ஏரி, 'டி' போட்டால் கடல். பலர் செய்வதுபோல 'டேர்' நீலம், 'டி' சிவப்பு, 'டஸ்' பச்சை என்று எழுத்துக்கு நிறம் கொடுங்கள். 'உங்' என்று முடியும் 'வோனுங்', 'ட்ஸைட்டுங்' போன்ற சொற்கள் 'டி' வகை என்ற விதிக்கு ஒரே ஒரு கார்டு போடுங்கள். பலநூறு சொற்களின் பால் அதிலேயே முடிந்துவிடும்.

பொருளைத் தமிழிலேயே எழுதுங்கள்

பாடப்புத்தகத்தில் ஆங்கிலப் பொருள் இருந்தாலும் கார்டில் தமிழ் வரட்டும். ஜெர்மன் 'கிஃப்ட்' பரிசு அல்ல, விஷம். 'பெகொமென்' என்றால் பெறுவது; ஆங்கிலத்தில் அதைப்போல ஒலிக்கும் 'பிகம்' நினைவுக்கு வந்து கெடுக்கும். நீ, நீங்கள் என்ற வேறுபாடும் ஜெர்மனில் உண்டு, அது ஆங்கிலத்தில் காணாமல் போகிறது.

ஆனால் தமிழிலும் ஒரு பொறி இருக்கிறது. முன்பக்கத்தில் 'தெரியும்' என்று மட்டும் எழுதினால் ஜெர்மனில் மூன்று விடை வரும். 'அவரை எனக்குத் தெரியும்' என்றால் 'கெனென்'. 'அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியும்' என்றால் 'விஸென்'. 'எனக்கு நீந்தத் தெரியும்' என்றால் 'க்யொனென்'. ஒற்றைச் சொல்லுடன் கார்டு போட்டால் சரியாகத் தெரிந்திருந்தும் தவறாகும், எரிச்சலில் கார்டையே வெறுப்பீர்கள். இரண்டு விடை வரக்கூடிய எந்தக் கேள்விக்கும் முன்பக்கத்தில் முழு வாக்கியம் கொடுங்கள். 'நீங்கள்' என்று எழுதும்போது பன்மையா, மரியாதையா என்றும் குறியுங்கள்.

வினைச்சொல்லுக்கு வெற்றிடக் கார்டு

வினைச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்வதில் பலன் குறைவு. வாக்கியத்தில் ஒரு சொல்லை மறைக்கும் 'க்ளோஸ்' வகைதான் இதற்குச் சரி. கம்ப்யூட்டரில் மறைக்க வேண்டிய சொல்லைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெற்றிடம் உருவாகும்.

'அம்மாவுக்கு போன் பண்ணுகிறேன்' என்பதை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனில் 'இஷ் ரூஃபெ மைனெ முட்டர் ஆன்'. நமக்கு இதில் இரண்டு இடத்தில் இடறும். தமிழில் 'அம்மாவுக்கு' என்று நான்காம் வேற்றுமை வருவதால் 'மைனர் முட்டர்' என்று சொல்லத் தோன்றும். ஜெர்மனில் இது செயப்படுபொருள், 'மைனெ' தான். அடுத்து, வினையிலிருந்து பிரிந்து கடைசிக்குப் போகும் 'ஆன்' விட்டுப்போகும். எனவே ஒரே வாக்கியத்தில் 'மைனெ' ஒரு வெற்றிடம், 'ஆன்' இன்னொரு வெற்றிடம். ஆன்கி இதை இரண்டு கார்டாகப் பிரித்துக் கேட்கும். இரண்டையும் ஒரே கார்டில் மறைத்தால் எதில் தவறினோம் என்பது ஆப்புக்குத் தெரியாது. தெரிந்த பாதியும் தெரியாத பாதியும் சேர்ந்தே திரும்பத்திரும்ப வரும்.

'பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன்' என்பதும் இதே ரகம். '-க்காக' காதில் ஒலிப்பதால் 'ஃப்யூர்' போடத் தோன்றும்; வர வேண்டியது 'அவுஃப்'. மறைக்க வேண்டிய சொல் அதுதான். 'அவருக்கு உதவுகிறேன்' என்பதில் தமிழும் ஜெர்மனும் ஒத்துப்போகின்றன, அங்கே வேற்றுமைக்குத் தனிக் கார்டு தேவையில்லை. தமிழ் எங்கே வேறு வழி காட்டுகிறதோ அங்கே கார்டு போடுங்கள்.

இந்தக் காரணத்தால்தான் இணையத்தில் கிடைக்கும் 5000 சொல் டெக்கை (கார்டுத் தொகுப்பை) அப்படியே இறக்கிப் படிப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. வகுப்பில் கேட்ட, பாடத்தில் படித்த சொல்லுக்கு நீங்களே எழுதும் கார்டு பாதி மனப்பாடம் ஆகிவிட்ட நிலையிலேயே டெக்கில் நுழைகிறது.

செட்டிங்ஸ்

டெக் ஆப்ஷன்ஸில் மாற்ற வேண்டியவை சிலதான். தினமும் வரும் புதிய கார்டு 20 என்று இருக்கும். வேலைக்கோ கல்லூரிக்கோ போகிறவர்கள் 10 ஆக்குங்கள். தினசரி ரிவியூ, அதாவது மறுபடி கேட்க வரும் பழைய கார்டுகள், புதிய கார்டின் ஏழு முதல் பத்து மடங்கு வரை வளரும். பத்து புதிய கார்டு என்றால் சில வாரத்தில் தினம் 70 முதல் 100, அதாவது இருபது நிமிடம் போல. உற்சாகத்தில் முதல் வாரம் தினம் 40 போடுகிறவர்கள் மூன்றாம் வாரம் 300 ரிவியூவைப் பார்த்து நிறுத்திவிடுகிறார்கள். இருபக்கமும் கேட்கும் வகையில் ஒரு சொல் இரண்டு கார்டு ஆகும். 650 சொல்லுக்கு 1300 கார்டு, தினம் 10 வீதம் 130 நாள். தேர்வுத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித் தொடங்குங்கள்.

எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய கணக்குமுறையை ஆன் செய்து, நினைவு இலக்கை 0.90-இல் (கேட்கும்போது நூற்றில் தொண்ணூறு நினைவிருக்க வேண்டும் என்று) விடுங்கள். 0.95-க்கு மேல் ஏற்றினால் கிடைக்கும் லாபம் சிறிது, ரிவியூ மளமளவென்று ஏறும். மாதம் ஒருமுறை ஆப்டிமைஸ் அழுத்தினால் போதும். ஒரே சொல்லின் இரு பக்கமும் ஒரே நாளில் வராதிருக்க, பரி சிப்ளிங்ஸ் வசதியையும் ஆன் செய்யுங்கள்.

தினசரி

முதலில் ரிவியூ, பிறகு புதியது. திருப்புவதற்கு முன் விடையை வாய்விட்டுச் சொல்லுங்கள். பஸ்ஸில் இருந்தால் உதடாவது அசையட்டும். பத்து நொடியில் வரவில்லையென்றால் மறந்துவிட்டது என்று அர்த்தம்.

பட்டனில்தான் அதிகத் தவறு நடக்கிறது. மறந்துபோனால் 'அகெய்ன்'. 'ஹார்டு' என்பது சிரமப்பட்டுச் சரியாகச் சொன்னதற்கு. மறந்ததற்கெல்லாம் மனம் கேட்காமல் 'ஹார்டு' அழுத்தினால், தெரியும் என்றே ஆப் கணக்கு வைக்கும். தெரியாத சொற்கள் வாரக்கணக்கில் தள்ளிப்போகும். குழப்பமாக இருந்தால் 'அகெய்ன்', 'குட்' இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கார்டு 8 முறை மறந்தால் அதை லீச் என்று ஆன்கி குறிக்கும். அதை மேலும் மேலும் உருட்டாதீர்கள். பெரும்பாலும் கார்டில்தான் கோளாறு: ஒரே கார்டில் இரண்டு கேள்வி, வாக்கியம் இல்லாத தனிச்சொல், அல்லது ஒரே மாதிரியான இரண்டு சொல் ஒரே வாரத்தில் நுழைந்திருக்கும். வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள். ஒத்த சொற்களில் ஒன்றை ஒரு மாதம் சஸ்பெண்ட் செய்து (வராமல் நிறுத்தி), மற்றது உறுதியானதும் திரும்பக் கொண்டுவாருங்கள். எங்கும் எதிர்ப்படாத சொல்லாக இருந்தால் தயங்காமல் நீக்குங்கள்.

ஊருக்குப் போய் இரண்டு வாரம் விட்டுப்போனால் 600, 700 என்று நிலுவை நிற்கும். டெக்கை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டாம். இத்தனை நாள் இடைவெளிக்குப் பிறகும் நினைவிருக்கும் சொற்களே நிறைய இருக்கும், அவை நீண்ட இடைவெளிக்குத் தாமாகவே போய்விடும். புதிய கார்டை பூஜ்யமாக்குங்கள். ரிவியூ வரம்பைத் தினம் 150 ஆக்கி, காலை பாதி மாலை பாதியாக முடியுங்கள். நிலுவை தீர்ந்த பிறகு, முதல் வாரம் தினம் 5 புதிய கார்டு, அடுத்த வாரம் 10.