எர்னோ ராப்பேயின் இசைத்தட்டுகளைக் கேட்கும் முறை

1891இல் புடாபெஸ்டில் பிறந்து 1945இல் நியூயார்க்கில் மறைந்த எர்னோ ராப்பே, மௌனப்படக் காலத்தில் திரையரங்குகளின் பெரும் வாத்தியக் குழுக்களை நடத்தியவர் என்பதால், அவருடைய பணியை அரங்குகளைக் கொண்டு பிரித்துப் பார்ப்பதே எளிது: முதலில் கேப்பிட்டல், பிறகு 1927இல் திறக்கப்பட்ட ராக்சி, கடைசியாக ரேடியோ சிட்டி மியூசிக் ஹால்.

தட்டின் நடுவே ஒட்டிய தாளை மட்டும் நம்பாமல், அதைச் சுற்றிப் பள்ளங்கள் முடியும் வெற்றிடத்தில் பொறித்திருக்கும், எந்தப் பதிவு என்று அடையாளம் காட்டும் எண்ணை, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் படித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். 1925க்கு முந்தையவை மைக் இல்லாமல் கூம்புக் குழல் வழியே பதிவானவை. அவற்றில் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலிகள், அமுங்கியிருப்பது தட்டின் பழுதன்று. பிற்கால நீள்நேரத் தட்டான எல்.பி.க்குரிய ஊசி இவற்றுக்கு மிக மெல்லியது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டுக்குரிய அகன்ற ஊசியைப் பொருத்துக.

1924இல் அவர் தொகுத்த இசைநூலைப் புரட்டியபடி கேட்பது இன்னும் நல்லது. 52 மனநிலைகளுக்கும் காட்சிகளுக்கும் உரிய துண்டுகளை, பியானோக்காரர் வாசித்துக்கொண்டே தேடியெடுக்கும்படி, பக்க ஓரத்திலேயே அட்டவணையை அச்சிட்டிருக்கிறார்கள்.