ஸ்விட்ச் வாங்கியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: திரையைவிட சேவ் ஃபைல் முக்கியம்

வீட்டில் ஒரு நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் மெஷின் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் போதும், சொந்தபந்தத்தில் யார் புதிதாக வாங்கினாலும் போன் நமக்குத்தான் வரும். முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "எந்த ஸ்கிரீன் புரொடெக்டர் போடலாம்?"

திரையில் கீறல் விழுந்தால் மனசு வலிக்கும், மறுக்கவில்லை. ஆனால் திரையை மாற்றலாம். ஜாய்கான் என்ற கன்ட்ரோலர் கெட்டால் வேறு வாங்கலாம். 140 மணி நேரம் ஆடிச் சேர்த்த சேவ் ஃபைல் போனால் அது எந்தக் கடையிலும் கிடைக்காது. அதைப் பற்றி மட்டும் யாரும் முன்கூட்டிக் கேட்பதே இல்லை. போன பிறகுதான் கேட்கிறார்கள்.

"எல்லாம் கார்டுல இருக்கு மாமா"

என் அக்கா பையன் சொன்ன வாக்கியம் அது. புது ஸ்விட்ச் வந்ததும், பழையதிலிருந்த மெமரி கார்டைக் கழற்றிப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டான். பிறகு பழைய மெஷினை முழுதாக ரீசெட் அடித்து, புதுசு போல ஆக்கித் தங்கையிடம் கொடுத்தான். மறுநாள் போன். "மாமா, கேம் திறந்தா நியூ கேம்னு மட்டும்தான் வருது."

"கார்டுல கேம் இருக்குடா. நீ ஆடினது மெஷின்ல இருந்துச்சு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

ஸ்விட்சின் மெமரி கார்டில் போவது கேம், அதன் அப்டேட், டிஎல்சி எனும் கூடுதல் பகுதிகள், ஸ்கிரீன்ஷாட், வீடியோ, அவ்வளவுதான். நாம் எதுவரை ஆடினோம் என்ற சேவ் எப்போதும் மெஷினின் உள் நினைவகத்தில்தான் எழுதப்படுகிறது. அதைக் கார்டுக்கு மாற்ற செட்டிங்கில் வழியே கிடையாது. கடையில் வாங்கும் கேம் கார்டிலும் சேவ் இருக்காது. பழைய கேம்பாய் ஆடியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அந்தக் கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றுக்குள் ஒரு பட்டன் பேட்டரி உட்கார்ந்து சேவைக் காவல் காத்தது. அந்தக் காலம் போய்விட்டது.

எதை அழித்தால் எது போகும் என்பதில்தான் அடுத்த குழப்பம். இடம் போதவில்லை என்று ஒரு கேமை அழித்தால் சேவ் போகாது. திரும்ப டவுன்லோட் செய்து விட்ட இடத்திலிருந்து ஆடலாம். பயப்பட வேண்டியது யூசரை அழிப்பதற்கு. "இந்த ஐகான் எதுக்குச் சும்மா" என்று பழைய யூசரை அழித்தால் அந்த யூசர் ஆடிய அத்தனை கேமின் சேவும் கூடவே போய்விடும். முழு ரீசெட் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

காப்பாற்ற இரண்டு வழி உண்டு. ஒன்று, நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் சந்தா எடுத்தால் வரும் கிளவுட் சேமிப்பு. ஆனால் எல்லாக் கேமுக்கும் அது இல்லை. போக்கிமான் ஸ்கார்லெட், வயலெட் இரண்டும் கிளவுடில் ஏறாது. அனிமல் கிராசிங் கேமில் நாம் உருவாக்கிய தீவைக் காப்பாற்ற தனியாக ஒரு வசதி இருக்கிறது, அதை நாமே இயக்கி வைக்க வேண்டும். சந்தா முடிந்தால் கிளவுடில் இருப்பதைத் தொட முடியாது. 180 நாளுக்குள் புதுப்பித்தால் திரும்பக் கிடைக்கும்.

இரண்டாவது வழிக்குச் சந்தா வேண்டாம். பழைய மெஷினும் புது மெஷினும் கையில் இருக்கும்போதே செட்டிங்கில் போய் யூசரைப் புதியதற்கு மாற்றிவிடலாம், பெரும்பாலான சேவ்களும் கூடவே வந்துவிடும். என் அக்கா பையன் செய்திருக்க வேண்டியது இதுதான். பழையதை விற்றாலும் சரி, கொடுத்தாலும் சரி, மாற்றிய பிறகு புதியதில் ஒவ்வொரு கேமையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு ரீசெட் பட்டன் பக்கம் போங்கள்.

மெமரி கார்டில் கணக்குப் பார்ப்பது

2017-இல் வந்த முதல் ஸ்விட்சிலும் 2019-இல் வந்த ஸ்விட்ச் லைட்டிலும் உள்ளே 32 ஜிபிதான். 2021-இன் ஓஎல்இடி மாடலில் 64. இரண்டு மூன்று பெரிய கேம் போட்டால் நிறைந்துவிடும், ஆக கார்டு வாங்காமல் முடியாது. பாதி விலைக்கு 1 டிபி என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். போலிக் கார்டு தன் கொள்ளளவைப் பற்றிப் பொய் சொல்லும்படி செய்யப்பட்டது. நிஜமாக இருக்கும் 32 அல்லது 64 ஜிபி நிறையும்வரை ஒழுங்காகவே நடக்கும், அதன் பிறகு புதியதை எழுதுகிறேன் என்று பழையதைக் கெடுக்கும். எந்தக் கார்டு வாங்கினாலும் முதலில் கம்ப்யூட்டரில் போட்டு, எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) போன்ற ஒரு சோதனை மென்பொருளால் முழுக் கொள்ளளவுக்கும் எழுதிப் படித்துப் பாருங்கள். சில மணி நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

அதிக விலை கொடுத்து யுஎச்எஸ்-2 எனும் அதிவேகக் கார்டு வாங்குவதும் வீண். பழைய ஸ்விட்ச் யுஎச்எஸ்-1 வேகத்துக்கு மேல் போகாது.

2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-இல் உள்ளேயே 256 ஜிபி இருக்கிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் வகைக் கார்டுதான் வாங்க வேண்டும். பழைய கார்டும் அந்தத் துளையில் அழகாக உட்காரும், அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். அதிலிருந்து ஸ்கிரீன்ஷாட்டையும் வீடியோவையும் எடுத்துக்கொள்ளலாம், கேம் போட முடியாது.

"டாக் வேலை செய்யலை"

பாதி நேரம் டாக் (மெஷினை டிவியோடு இணைக்கும் தாங்கி) நன்றாகத்தான் இருக்கும், சார்ஜர்தான் வேறாக இருக்கும். கையில் வைத்து ஆடும்போது நல்ல போன் சார்ஜர் போதும். டாக்கில் வைத்து டிவியில் படம் வரவேண்டுமென்றால் முதல் ஸ்விட்சுக்கு 15 வோல்ட், 2.6 ஆம்பியர் கிடைக்க வேண்டும். ஐந்து வோல்ட் சார்ஜரைச் செருகினால் டிவி கறுப்பாகவே இருக்கும். ஸ்விட்ச் 2-இன் டாக் 20 வோல்ட் கேட்கிறது, அதனால் பழைய ஸ்விட்சின் அடாப்டர் அதற்குப் பற்றாது. ஸ்விட்ச் 2-இல் மேலேயும் கீழேயும் இரண்டு யூஎஸ்பி-சி துளைகள் உண்டு. இரண்டிலும் சார்ஜ் ஏறும்.

பெயர் தெரியாத டாக் வாங்கி மெஷினைப் பணயம் வைக்க வேண்டாம். 2018-இல் ஒரு சிஸ்டம் அப்டேட்டுக்குப் பிறகு, வேறு நிறுவனங்களின் டாக்கில் வைத்த சில ஸ்விட்சுகள் உயிரே இல்லாமல் போயின. வெளிநாட்டிலிருந்து வந்த அடாப்டர் என்றால் முதுகில் பொடி எழுத்தில் இருக்கும் 'இன்புட்' வரியைப் படியுங்கள். 100–240 வோல்ட் என்று இருந்தால் பின்னை மட்டும் மாற்றினால் போதும்.

"ராத்திரி முழுக்க டாக்கில் இருந்தால் பேட்டரி போய்விடுமா?" போகாது, நிறைந்ததும் சார்ஜ் ஏறுவது நின்றுவிடும். பேட்டரியைக் கொல்வது நம் வீடுகளுக்கே உரிய இன்னொரு பழக்கம்: பத்தாவது பரீட்சை முடியும்வரை கூடாது என்று பீரோவில் வைத்துப் பூட்டுவது. ஒரு வருடம் கழித்துத் திறந்தால் பேட்டரி அடியோடு வற்றி, சார்ஜே பிடிக்காமல் போகலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சார்ஜ் ஏற்றச் சொல்கிறது நின்டெண்டோ. பூட்டுங்கள், சாவியும் உங்களிடமே இருக்கட்டும், நடுவில் ஒருநாள் எடுத்துச் சார்ஜ் மட்டும் போட்டுவிடுங்கள். மேலே இருக்கும் பவர் பட்டனை ஒரு தட்டுத் தட்டினால் மெஷின் தூங்கும், அணையாது. மூன்று விநாடி அழுத்திப் பிடித்து, வரும் மெனுவில் அணையுங்கள்.

வெயில் பற்றி ஒரு வார்த்தை. 5 முதல் 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறார்கள். மே மாதத்து வேலூரில் இதைப் படித்தால் சிரிப்புத்தான் வரும். ஆனால் பின்பக்கத் துளைகள் வழியே காற்று உள்ளே போய் மேல்பக்கத்தில் சூடாக வெளியேறுகிறது என்பதை நினைவில் வைத்து, மெத்தையிலும் தலையணையிலும் புதைத்து வைக்காமல் ஆடினால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஜாய்கான்

பழைய ஜாய்கானில் மாட்டும் கைக்கயிற்றுப் பட்டையைத் தலைகீழாகச் செருகாதவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். பட்டையில் ஒன்றில் கூட்டல் குறி, ஒன்றில் கழித்தல் குறி இருக்கும். ஜாய்கானின் முகப்பிலும் அதே குறிகள் பட்டனாக இருக்கும். கூட்டலோடு கூட்டல், கழித்தலோடு கழித்தல். மாற்றிச் செருகினாலும் உள்ளே போகும், கொஞ்சம் முறைத்துக்கொண்டு போகும், பிறகு வெளியே வராது. அப்போது ஸ்க்ரூடிரைவரைத் தேடாதீர்கள். பட்டையின் நுனியில் இருக்கும் பூட்டுத் தாழை விடுவித்து, ஜாய்கானை ஒரு கையில் இறுக்கிப் பிடித்து, வந்த வழியே நேராக இழுங்கள். மெஷினிலிருந்து ஜாய்கானைக் கழற்றும்போதும் பின்னால் இருக்கும் சின்ன வட்டப் பட்டனை அழுத்திக்கொண்டே மேலே தள்ள வேண்டும். அழுத்தாமல் பிடுங்கிக்கொண்டே இருந்தால் உள்ளிருக்கும் கொக்கி தேய்ந்து, ஆடும்போது தானாகவே நழுவ ஆரம்பிக்கும்.

அடுத்தது டிரிஃப்ட். ஜாய்கானில் கட்டைவிரலால் அசைக்கும் குச்சியைத் தொடாமலே கேமில் நம் பாத்திரம் ஒரு பக்கமாக நடந்துகொண்டே இருக்கும். குச்சிக்குக் கீழே கரிப்பூச்சுத் தடம் ஒன்றின் மேல் மெல்லிய உலோக நாக்கு உரசி உரசித்தான் திசை கணிக்கப்படுகிறது. தடம் தேய்ந்தாலோ தூசி சேர்ந்தாலோ அது தப்புக் கணக்குப் போடும். முதலில் செட்டிங்கில் குச்சியைக் கேலிபிரேட் செய்து, அதாவது அதன் நடுநிலையைச் சரிசெய்து பாருங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை மட்டும் அடித்துவிடாதீர்கள். கான்டாக்ட் கிளீனர் அடித்தால் சில வாரம் ஓடும், பிறகு பழையபடி.

நிலையான தீர்வு குச்சியையே மாற்றுவது. முக்கோண வாய் கொண்ட திருகுகள், அதற்கென்று ஒரு ஸ்க்ரூடிரைவர் வேண்டும். உள்ளே ரிப்பன் கேபிள்கள் காகிதம் போல இருக்கும். கை நடுங்குபவர்கள் பழக்கமான மொபைல் ரிப்பேர் கடையில் கொடுக்கலாம். காந்தத்தால் இயங்கும் ஹால் வகைக் குச்சியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். அதில் உரசல் இல்லாததால் தேய்வதற்கு ஒன்றுமில்லை.

வாங்கும்போதே செய்யும் தவறு

நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாக ஸ்விட்ச் விற்பதில்லை. துபாயிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ யாராவது கொண்டுவந்ததுதான் நம் கையில் இருக்கும். ஜப்பானில் ஸ்விட்ச் 2 இரண்டு வகையாக வருகிறது. 49,980 யென்னுக்கு விற்கப்பட்ட வகை ஜப்பானிய மொழியில் மட்டுமே இயங்கும், ஜப்பான் என்று பதிந்த நின்டெண்டோ கணக்கை மட்டுமே ஏற்கும். பல மொழி வகை 69,980 யென். "ஜப்பானில் சீப்பு" என்று அண்ணன் வாங்கி வருவது எது என்று விமானம் ஏறுமுன் கேட்டுவிடுங்கள்.

கேம் கார்டு எந்த நாட்டினுடையதானாலும் ஓடும். டிஎல்சி அப்படியில்லை: கார்டு எந்தப் பிரிவு நாடுகளுக்கானதோ, அதே பிரிவின் ஈஷாப்பில் (நின்டெண்டோவின் ஆன்லைன் கடை) வாங்கியதுதான் பொருந்தும். ஸ்விட்ச் 2-க்கு வரும் சில கேம் பெட்டிகளில் 'கேம்-கீ கார்டு' என்று முன்புறமே அச்சிட்டிருக்கும். அந்தக் கார்டுக்குள் கேம் இல்லை, டவுன்லோட் செய்வதற்கான சாவி மட்டும்தான்.

நூறு கேம் இலவசம் என்று விற்கும் செகண்ட் ஹேண்ட் மெஷின் மாற்றியமைக்கப்பட்டதாகத்தான் இருக்கும். அது நின்டெண்டோவின் தடைப் பட்டியலில் இருந்தால் ஈஷாப்பும் கிடையாது, ஆன்லைனும் கிடையாது. பணம் கொடுக்குமுன் உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஈஷாப் திறக்கிறதா என்று பாருங்கள்.

சரி, ஸ்கிரீன் புரொடெக்டர். முதல் ஸ்விட்சின் திரை பிளாஸ்டிக், சுலபமாகக் கீறல் விழும், முதல் நாளே டெம்பர்டு கிளாஸ் ஒட்டுங்கள். ஓஎல்இடியிலும் ஸ்விட்ச் 2-இலும் கண்ணாடி உடைந்தால் சில்லு சிதறாமலிருக்க ஒரு மெல்லிய படலத்தைக் கம்பெனியே ஒட்டி அனுப்புகிறது. அதைப் பேக்கிங் ஸ்டிக்கர் என்று நினைத்து நகத்தால் நெம்பாதீர்கள். புதிய கிளாஸை அதன் மேலேயே ஒட்டலாம்.

குழந்தை கேம் கார்டை வாயில் போட்டுவிட்டது என்று பதறுபவர்களுக்கு: குழந்தைகள் விழுங்கிவிடக் கூடாது என்பதற்காகவே அந்தக் கார்டில் டெனடோனியம் பென்சோயேட் என்ற கடுங்கசப்புப் பொருளைத் தடவியிருக்கிறார்கள், பிள்ளை தானாகவே துப்பிவிடும். நான் ஒருமுறை நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தேன். இரண்டு டம்ளர் காப்பிக்குப் பிறகும் போகவில்லை.